டிஏசி-யில் ஷார்ப் ஃபில்டரா, ஸ்லோ ஃபில்டரா?

தவில்பிரியன்:
என் டிஏசி-யில் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) ஷார்ப், ஸ்லோ என்று இரண்டு ஃபில்டர் உண்டு. காதுக்கு எட்டாத மேல் அதிர்வெண்களை ஷார்ப் செங்குத்தாக வெட்டும், ஸ்லோ மெல்லச் சரித்து வெட்டும். ஒரு ஒற்றைத் துடிப்பைக் கொடுத்து அலைநோக்கியில் பார்த்தால், ஷார்ப்பில் துடிப்புக்கு முன்னாலேயே நெளிவு தொடங்கிவிடுகிறது. அடி விழுவதற்கு முன்பே சத்தம் கேட்கும் மிருதங்கம் எங்கே இருக்கிறது? ஸ்லோவில் இந்த நெளிவு சொற்பம். எல்லாரும் அதற்கே மாறுங்கள்.

கமலி_டிஎஸ்பி:
அந்த நெளிவு எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று பார்த்தீர்களா அண்ணா? சிடி-க்கு நொடிக்கு 44,100 சாம்பிள் (ஒலி அலையின் அளவீடு), அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ்தான் அது தாங்கும் அதிர்வெண்ணின் எல்லை. 20,000 வரை விட்டுவிட்டு, மிச்சமிருக்கும் 2,050-க்குள் ஷார்ப் ஃபில்டர் வெட்டி முடிக்க வேண்டும். வெட்டுகிற இடத்தில்தான் ரிங்கிங், அதாவது நீங்கள் பார்த்த நெளிவு, வரும். 21, 22 கிலோஹெர்ட்ஸ் வளர்ந்தவர்கள் காதுக்கு எட்டாது.

ஸ்லோவின் கெடுதல்தான் காதுக்குள் வரும். அது முழுசாக வெட்டாததால், 19,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 25,100-ல் (44,100-ல் 19,000 போக மிச்சம்) ஒரு பிம்பம், அதாவது போலி நகல், கசியும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு உள்ளீட்டுக்கு நேர்விகிதமாக இல்லாமல் கொஞ்சம் தவறினாலும் இரண்டும் கலந்து, வித்தியாசமான 6,100-ல் பாட்டில் இல்லாத ஒலி பிறக்கும்.

தவில்பிரியன்:
வரலாறு என் பக்கம். 1982-ல் சோனி சிடிபி-101 செங்குத்தான அனலாக் ஃபில்டரோடு வந்தது. பிலிப்ஸ் சிடி100-ல் சாம்பிள் வேகத்தை நான்கு மடங்காக, 176,400-க்கு உயர்த்தி, மென்மையான அனலாக் ஃபில்டரே போதும் என்று செய்தார்கள். அந்த வழிதான் நிலைத்தது.

கமலி_டிஎஸ்பி:
பிலிப்ஸ் செங்குத்தான வெட்டைக் கைவிடவே இல்லையே! அதை டிஜிட்டல் பக்கம் நகர்த்தினார்கள், அவ்வளவுதான். அனலாக்கில் செங்குத்தாக வெட்டினால் மேல் அதிர்வெண்களின் ஃபேஸ் (அலைகளின் நேர ஒழுங்கு) புரளும். டிஜிட்டலில் அது புரளாமல் செய்ய முடியும்.

மணி_ரெக்கார்டிங்:
நான் தவில்பிரியன் கட்சி, ஆனால் வேறு காரணத்துக்காக. ஃபேன் உறுமலை நீக்க 80 ஹெர்ட்ஸில் லீனியர் ஃபேஸ் ஃபில்டரை (ஃபேஸ் புரளாது, ஆனால் அடிக்கு முன்னாலும் நெளியும்) செங்குத்தாகப் போட்டுப் பாருங்கள். 2,050-க்குப் பதில் 20 ஹெர்ட்ஸுக்குள் வெட்டினால் நெளிவு சுமார் நூறு மடங்கு நீளும். ஒன்றிரண்டு மில்லிநொடியாக இருந்தது பத்தில் ஒரு நொடியைத் தாண்டும். அதுவும் நன்றாகக் கேட்கும் அதிர்வெண்ணில்! மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) அடிக்கு முன் ஒரு முனகல் வரும். அங்கே நான் மினிமம் ஃபேஸ் (அடிக்கு முன் நெளியாத வகை), ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 12 டெசிபல் சரிவைத் தாண்ட மாட்டேன்.

கமலி_டிஎஸ்பி:
80 ஹெர்ட்ஸில் நானும் அப்படித்தான் செய்வேன் மணி சார். இங்கே கேள்வி டிஏசி பற்றியது. அண்ணா, 19,000 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஸ்லோவில் ஓட்டி, ஆம்ப் வெளியீட்டின் ஸ்பெக்ட்ரத்தில் 6,100-ல் கோடு எழுகிறதா என்று பாருங்கள்.

தவில்பிரியன்:
சரி, இரண்டு ஃபில்டரிலும் எடுத்துப் படத்தைப் போடுகிறேன். கோடு எழாவிட்டால் ஸ்லோவை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.