புகையே பிடிக்காத அப்பத்தாவுக்கு சிஓபிடி எப்படி வந்தது?

கானாடுகாத்தான் பேரன்:
அப்பத்தா முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு வருவதற்குள் தூணைப் பிடித்து நின்றுவிடுகிறார். ஊதிப் பார்க்கும் சோதனை செய்து சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நோய் என்றார்கள். பீடி, சிகரெட் வாசனையே ஆகாதவர். இன்ஹேலர் பழகினால் விட முடியாதாம், வேண்டாம் என்று அடம்.

தேவகோட்டை ஆச்சி:
அடுப்புப் புகையும் புகைதானே தம்பி! கல்யாண வீடுகளுக்கு விறகடுப்பில் கைமுறுக்கும் அதிரசமும் சுட்டுச் சுட்டுத்தான் எனக்கும் வந்தது. சுருங்கிய மூச்சுக்குழாய் பழையபடி ஆகாது, ஆனால் மருந்து அதை விரித்துக் கொடுக்கும். இன்ஹேலர் ஒன்றும் போதை இல்லை. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிடக் குறைந்த அளவே போதும். அமுக்குகிற வகை என்றால் ஸ்பேசர், அதாவது இன்ஹேலர் முனையில் மாட்டுகிற குழாய் வாங்குங்கள். அமுக்கி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்ததென்றால் வாய் கொப்பளித்துத் துப்பணும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். படியேறும்போது மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து நிதானமாக ஊதச் சொல்லுங்கள். வளவைச் சுற்றி தினமும் நடக்கட்டும்.

காரைக்குடி நர்ஸ்:
வருடாவருடம் ஃப்ளூ ஊசி போடுங்கள். சளி பச்சையாகி மூச்சு கூடுதலாக வாங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கானாடுகாத்தான் பேரன்:
நன்றி ஆச்சி. ஸ்பேசர் வாங்கிவிடலாம். மிளகாய் தாளிக்கும்போது அடுப்படிக்கு வராதீர்கள் என்று அவரிடம் யார் சொல்வது?