வீட்டில் ஈயம் உருக்குவது பிள்ளைகளைப் பாதிக்குமா?

கேள்வி: உப்புவெளித் தாய்

வணக்கம். நாங்கள் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், கடற்கரையை அண்டி வாழும் மீனவக் குடும்பம். வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்துத் தொழிலுக்குப் போக முடியாத நாட்களில் என் மாமா பழைய ஈயத்தையும், சில வேளைகளில் பற்றரியை உடைத்தெடுத்த தகடுகளையும் தாச்சியில் இட்டு உருக்கி, வீச்சு வலைக்குக் குண்டு வார்ப்பார். மழை என்பதால் குசினித் தாழ்வாரத்து விறகடுப்பிலேயே இது நடக்கிறது. என் பத்து மாதக் குழந்தை அந்தத் தாழ்வாரத்தில்தான் தவழ்கிறாள். நான்கு வயது மூத்தவனுக்குச் சில வாரங்களாக வயிற்றுவலியும் மலச்சிக்கலும் இருக்கின்றன. பூச்சி மருந்து கொடுத்தும் மாறவில்லை. நாற்பது வருடமாக உருக்கியும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மாமா சொல்கிறார். என் பயம் நியாயமானதா?

பதில்: ஓய்வு பெற்ற தாதி

மகள், உங்கள் பயம் முழுக்க நியாயமானது. மாமாவின் உடலும் பேரனின் உடலும் ஈயத்தை ஒரே விதமாக ஏற்பதில்லை. வாய் வழியாகப் போகும் ஈயத்தை, வளர்ந்தவர்களைவிட நான்கு, ஐந்து மடங்கு அதிகமாகச் சிறு பிள்ளையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச் சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளையில் இது இன்னும் கூடும். உடல் அதைக் கல்சியம் என்று எண்ணி எலும்பில் சேர்த்து வைக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் அது செய்யும் கேடு, கற்கும் திறனிலும் கவனத்திலும் பின்னாளில் தெரியவருமே தவிர, பல பிள்ளைகளில் அப்போது எந்த அறிகுறியும் இராது. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவுமில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

புகையை மட்டும் பார்க்காதீர்கள். ஈயம் 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். விறகுத் தீயின் சூடு அதைவிட மிக அதிகம். மேலே படியும் கசடை வழித்துக் கொட்டும்போது பறக்கும் நுண்ணிய தூசு தாழ்வாரத்து மண்ணிலும் மாமாவின் சாரத்திலும் தங்கிவிடுகிறது. அது மக்கிப் போகாது. தவழும் குழந்தை அந்தக் கையைத்தானே வாயில் வைக்கும்? பற்றரித் தகடு இன்னும் மோசம். செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகே, பழைய பற்றரிகளிலிருந்து ஈயம் பிரித்தெடுத்த ஒரு குடியிருப்பில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள்.

மூத்தவனின் வயிற்றுவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனாலும் வீட்டில் ஈயம் உருக்கும் விடயத்தை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லி, இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வழமையான இரத்தப் பரிசோதனையில் அது தெரியாது. ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். 45ஐத் தொட்டால் மருந்து கொடுத்தே வெளியேற்ற வேண்டும். இளையவளுக்கும் சேர்த்துப் பாருங்கள்.

பதில்: கொட்டியாரக்குடாத் தொழிலாளி

நானும் வலைத்தொழில் செய்பவன். என் தகப்பனாரும் இப்படித்தான் உருக்கினார்; நான் விட்டுவிட்டேன். வார்த்த குண்டையே வாங்கிக் கோர்க்கிறேன். செலவு சற்றுக் கூடத்தான். பெரியவரிடம் அவர் செய்வது பிழை என்று தொடங்காதீர்கள். தொழில் தெரிந்த மனிதருக்கு அது வலிக்கும். பிள்ளைக்குப் பரிசோதனை செய்யப் போகிறோம், நீங்களும் கூட வாருங்கள் என்று அழைத்துப் போங்கள். வைத்தியர் வாயால் கேட்டால் ஏற்றுக்கொள்வார்.

உப்புவெளித் தாய்

இருவருக்கும் நன்றி. மாமா வருவதாகச் சொல்லிவிட்டார். பேத்தி தவழும் இடம் என்றதும் பேசாமல் தாச்சியை எடுத்துச் சாக்கில் கட்டிவிட்டார். தாழ்வாரத்தை நன்றாகக் கூட்டிவிட்டால் போதுமா?

ஓய்வு பெற்ற தாதி

விளக்குமாற்றால் உலரக் கூட்ட வேண்டாம், மகள். தூசு கிளம்பி வீட்டுக்குள் போகும். தண்ணீர் தெளித்து நனைத்து, மேல்மண்ணை வழித்து உறையில் கட்டுங்கள். அதை எங்கே ஒப்படைப்பது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். சீமெந்துத் தரையை ஈரத்துணியால் பல தடவை துடையுங்கள். அந்த வேலை நடக்கும்போது பிள்ளைகள் இருவரும் அம்மம்மா வீட்டில் இருக்கட்டும். மாமாவின் சாரத்தைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம்.