காவிரிக்கு எது நாட்டு மீன்?

பவானிக்கரை:
ஆறுகளில் நாட்டின மீன்குஞ்சுகளை இன்னும் கூடுதலாக விட வேண்டும் என்று சென்ற வாரம் இங்கே நண்பர்கள் எழுதியிருந்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அவர்கள் தந்த பட்டியலில் சேல்கெண்டைக்குப் பக்கத்திலேயே கட்லாவும் ரோகுவும் இருப்பது எனக்குக் கவலை தருகிறது. அவை வடக்கே கங்கைச் சமவெளியின் மீன்கள். மனிதர்கள் கொண்டுவந்து விட்டதால் காவிரிக்கு வந்தவை. இந்தியாவில் தோன்றிய மீன் என்பதாலேயே ஒன்று காவிரியின் மீனாகிவிடாது. மீனுக்குச் சொந்த ஊர் அதன் ஆறுதான்.

மகாசீர் என்பது பல இனங்களைக் கொண்ட பெரிய ஆற்று மீன். அதற்கு நேர்ந்ததைப் பாருங்கள். செம்மஞ்சள் துடுப்பும் திமில்போல் உயர்ந்த முதுகும் கொண்ட மகாசீர், காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையுள்ள ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. அந்த இனம் குறைவதைக் கண்டு, மகாசீர் என்றால் எல்லாம் ஒன்றே என்று எண்ணி, மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் பெருக்கிய நீலத்துடுப்பு மகாசீரின் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். பின்னர் கர்நாடகத்தில் காவிரிக் கரையிலுள்ள கலிபோர் தூண்டில் முகாமில், பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவந்த தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 6,000க்கும் மேற்பட்ட மகாசீர்கள் அவற்றில் பதிவாகியிருந்தன. நீலத்துடுப்பு பெருகிக்கொண்டே போயிருக்கிறது. திமில் மகாசீரோ எண்ணிக்கையில் தேய்ந்திருக்கிறது. ஆனால் பிடிபட்டவற்றின் சராசரி எடை கூடியிருக்கிறது. எடை கூடியதைக் கண்டு நாம் மகிழ முடியாது. கிழ மீன்கள் மட்டும் மிஞ்சியிருந்தன, அவற்றுக்குப் பின் வளர்ந்து வரக் குஞ்சுகள் இல்லை என்பதே அதற்குப் பொருள். இந்த மீனின் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று 2018இல்தான் உறுதியானது. முற்றிலும் அழியும் நிலைக்கு மிக அருகில் இருக்கும் இனமாக அது, அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

அணைத்தூண்டில்:
ஐயா, நீங்கள் சொன்ன விவரங்களை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். ஒன்று பெருகியது, மற்றொன்று குறைந்தது என்று குறிப்பேடு காட்டுகிறது. பெருகியதுதான் மற்றதை ஒழித்தது என்று அது காட்டவில்லை. மேட்டூர் அணை 1934இல் எழும்பியதிலிருந்து, பாறைகளுக்கிடையே பாய்ந்து ஓடிய நீரில் ஒரு பகுதி தேங்கிய நீராகிவிட்டது. ஓடும் நீரும் கூழாங்கல் படுகையும் இல்லாமல் மகாசீர் எப்படிப் பெருகும்? மணல் அள்ளியதையும் வெடி வைத்து மீன் பிடித்ததையும் விட்டுவிட்டு, கொண்டுவந்து விட்ட மீனின் தலையில் பழியைப் போடுவது நியாயமாகாது. நீங்கள் சொன்ன முகாமில் உள்ளூர்க்காரர்களே ஆற்றைக் காவல் காத்தார்கள். 2012இல் அங்கே தூண்டில் போடுவது நின்றபோது அந்தக் காவலும் போயிற்று. அதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இன்னொன்று. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் வலை போடுகிறவர்களின் அடுப்பு எரிவது கட்லாவாலும் ஜிலேபி (திலாப்பியா) மீனாலும்தான். தேங்கிய நீரில் அவைதான் வளர்கின்றன.

ஆரல்:
இருவரும் மகாசீரைப் பற்றியே பேசுவதால் ஜிலேபியைப் பற்றி நான் சொல்கிறேன். 1952இல் இந்தியாவுக்கு வந்த மீன் இது. ஒருமுறை மண்புழு கோத்த தூண்டிலில் உள்ளங்கை அகலமே இருந்த பெட்டை ஒன்று சிக்கியது. முள்ளைக் கழற்ற வாயைத் திறந்தபோது, கடுகுக்குக் கண் வைத்ததுபோன்ற குஞ்சுகள் என் விரல்களின் மேல் கொட்டின. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே காக்கும் மீனோடு, முட்டையை நீரில் இட்டுவிட்டுப் போய்விடும் நம் கெண்டைகள் எப்படி ஈடுகொடுக்கும்? ஆப்பிரிக்கக் கெளுத்தியோ இன்னும் மோசம். காற்றையும் சுவாசிக்கும், கிடைத்த மீனையெல்லாம் விழுங்கும். வளர்க்கவே கூடாது என்று 2000இல் தடை வந்த பிறகும் பண்ணைக் குட்டைகளிலிருந்து வெள்ளத்தோடு ஆற்றுக்கு வந்துகொண்டிருக்கிறது.

பவானிக்கரை:
அணைத்தூண்டில் நண்பருக்கு: அணையும் வெடியும் பெரும் காரணங்கள் என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அப்படி ஏற்கெனவே நலிந்து நிற்கும் மீனுக்கு, அதே இரையைத் தின்று அதே மடுவில் வாழும் நெருங்கிய இனத்தை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து போட்டிக்கு விட்டதுதான் என் வருத்தம். அணையை நம்மால் இடிக்க முடியாது. குஞ்சு விடுவதை நிறுத்த முடியும். மோயாற்றில் திமில் மகாசீர் இன்னும் வாழ்கிறது. அந்த ஆறு பவானிசாகர் நீர்த்தேக்கத்தில்தான் வந்து கலக்கிறது. ஆகவே நீர்த்தேக்கத்தில் விடும் எதுவும் மேலே ஏறிப் போகக்கூடும் என்பதை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

அணைத்தூண்டில்:
மோயாற்றைப் பற்றிய உங்கள் அச்சம் சரியானது. பவானிசாகரிலும் அதற்கு மேலும் வெளியாற்று மகாசீரை விடக்கூடாது என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். தூண்டிலில் விழும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை நான் திரும்ப நீரில் விடுவதில்லை. ஜிலேபியையும் இனி விடமாட்டேன். ஆனால் மேட்டூரில் கட்லாக் குஞ்சு விடுவதை நிறுத்தச் சொன்னால் அதை ஏற்க மாட்டேன். அங்கே வலை போடுகிறவருக்கு மாற்றாக எந்த மீனைத் தருவீர்கள், அது எத்தனை ஆண்டில் வலைக்கு வரும் என்று முதலில் சொல்லுங்கள்.

பவானிக்கரை:
சேல்கெண்டையும் கருமுழிக் கெண்டையும் என் விடை. கட்லாவைப்போல் அவை விரைந்து வளராது என்பதும் உண்மை. அதனால் ஒரே ஆண்டில் மாற்றச் சொல்லவில்லை. விடும் குஞ்சுகளில் இவற்றின் பங்கை ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறேன்.