முளைகட்டிய ராகி மாவு: பிசுபிசுப்பு, கட்டி, மலச்சிக்கல். 7 மாதக் குழந்தைக்கு எப்படிச் செய்யணும்?

தொட்டில்சேலை

வணக்கம் தோழிகளே. பாப்பாவுக்கு 7 மாதம் நடக்குது. தாய்ப்பாலோட காலையில ராகிக் கஞ்சி, மதியம் பருப்பு சாதம் குழைச்சுக் கொடுக்கிறேன். பாப்பாவுக்கான ராகியை வீட்டிலேயே முளைகட்டி அரைக்கலாம்னு ஆரம்பிச்சதுல நாலு இடத்துல தடங்கல்.

துணியில கட்டி வெச்ச ராகி ரெண்டாம் நாள் பிசுபிசுன்னு ஆகி புளிச்ச வாடை அடிக்குது. அடுக்குமாடி வீடு, பால்கனியில காலை 2 மணி நேரம்தான் வெயில். கஞ்சி காய்ச்சினா சின்னச் சின்னக் கட்டி விழுது, வடிகட்டினா பாதி மாவு வடிகட்டியிலேயே நின்னுடுது. ராகி ஆரம்பிச்சதிலிருந்து மலம் கெட்டியா போகுது, முக்குறா.

அளவு, நேரம் எல்லாம் தெளிவா சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.

கொங்கு அடுப்படி

முளைகட்டுறதையும் காய வைக்கிறதையும் மட்டும் நான் சொல்றேன்மா. கஞ்சி பத்தி மத்தவங்க சொல்லுவாங்க.

முதல் தடவை அரைக் கிலோவுக்கு மேல எடுக்காதீங்க. ராகியில கல் ரொம்பப் பொடிசு, கண்ணுல படாது. அகலமான பாத்திரத்துல தண்ணி விட்டு அலசி, மிதக்கிற சொத்தையையும் தூசியையும் கொட்டிடுங்க. அப்புறம் அரிசி அரிக்கிற மாதிரி ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொண்ணுக்குக் கொஞ்சம் கொஞ்சமா தண்ணியோட சாய்ச்சு அரிக்கணும். கல் அடியில தங்கிடும். தண்ணி தெளியிற வரைக்கும் அஞ்சாறு தடவை கழுவுங்க. அந்தச் செம்மண் கலந்த தண்ணி போகாம ஊற வெச்சாலே வாடைக்கு வழி வெச்ச மாதிரிதான்.

நீங்க சொல்ற பிசுபிசுப்புக்கு முக்கியக் காரணம் ரெண்டு. ஒண்ணு, அதிக நேரம் ஊறினது. வெயில் காலத்துல 7, 8 மணி நேரம் போதும், நடுவுல ஒரு தடவை தண்ணி மாத்தணும். மேல நுரை கட்டினா புளிக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது, தண்ணி சரியா வடியாம மூட்டை கட்டினது. இதுலதான் நிறைய பேருக்குக் கெட்டுப்போகுது. ஊறினதைத் துளை போட்ட தட்டுல கொட்டி அரை மணி நேரம், அப்புறம் வெள்ளைப் பருத்தித் துணியில மூட்டையா கட்டி, குழாய்ல ஒரு மணி நேரம் தொங்க விடுங்க. சொட்டு நின்ன பிறகு இட்லித் தட்டுலயோ துளைக் கூடையிலயோ தளர்வா பரப்பி, ஈரத் துணியால மூடி வைங்க. டப்பாவுல போட்டு இறுக்கி மூடக் கூடாது. முளை விடும்போது தானியம் மூச்சு விடும், சூடும் உண்டாகும். மூட்டையோட நடுவுல கை விட்டுப் பார்த்தா வெதுவெதுன்னு இருக்கும். அந்தச் சூட்டுலயும் ஈரத்துலயும்தான் கிருமி பெருகுது. 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை கிளறி விட்டு, காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி தெளிங்க.

வெயில் காலத்துல 24 மணி நேரம், மார்கழியில 36 வரைக்கும் ஆகும். முளை 2, 3 மில்லிமீட்டர் வந்தா நிறுத்திடுங்க. நீளமா விட்டா வேர் ஒண்ணோடொண்ணு பின்னிக்கிட்டு அடையா ஆயிடும், மாவும் கசக்கும். வழவழன்னு ஆகி வாடை வந்ததைக் கழுவி மறுபடி பயன்படுத்த நினைக்காதீங்க. அப்படியே கொட்டிடணும்.

வெயில் இல்லாத வீட்டுக்கு: துணியில மெல்லிசா பரப்பி ஃபேனுக்கு அடியில ஒரு ராத்திரி முழுக்க. காலையில உங்க பால்கனி வெயில் 2 மணி நேரம். இதையே ரெண்டு நாள் செய்ங்க. கடைசியா அடி கனமான வாணலியில 150 கிராம் 150 கிராமா, தீயைச் சிம்ல வெச்சு 5, 6 நிமிஷம் புரட்டுங்க. ஒரு மணியைக் கடிச்சா ‘டக்’னு உடையணும், பல்லுல ஒட்டக் கூடாது. கருக வறுத்துடாதீங்க, முளைகட்டினதோட பலனே அதுல போயிடும். ஆறினதும் முறத்துல போட்டுத் தேய்ச்சுப் புடைச்சா காய்ஞ்ச வேர் உதிர்ந்து பறந்துடும்.

மில்லுல கொடுக்கிறதா இருந்தா முன்னாடி என்ன அரைச்சாங்கன்னு கேளுங்க. மிளகாயோ மல்லியோ அரைச்ச கல்லுல குழந்தை மாவு கூடாது, கோதுமையும் இன்னும் பழக்காத குழந்தைக்கு வேண்டாம். மிக்ஸின்னா 100 கிராமுக்கு மேல போடாம, விட்டு விட்டு ஓட்டுங்க. சல்லடையில நிக்கிற குருணையை மறுபடி அரைச்சு, மறுபடி சலிங்க.

பவானிக்கரை

கட்டி விழுவதற்குக் காரணம் மாவு அல்ல, கொதிக்கிற தண்ணீர். சூடான தண்ணீரில் மாவு விழுந்தவுடன் வெளிப்பக்கம் வெந்து பசையாகி மூடிக்கொள்ளும், உள்ளே மாவு மாவாகவே இருக்கும். அதை எவ்வளவு கிண்டினாலும் உடையாது. முளைகட்டிய மாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முளை விடும்போது தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் என்ற நொதி உருவாகிறது. கஞ்சி மெதுவாகச் சூடேறும்போது அது வேலை செய்து கஞ்சியை இளக்கும். கொதிநீரில் கொட்டினால் வேலை செய்யுமுன்னே அழிந்துவிடும்.

ஆகவே பச்சைத் தண்ணீரிலேயே தொடங்குங்கள். முளைகட்டிய மாவு தட்டையாக 3 மேசைக்கரண்டி, ஏறக்குறைய 24 கிராம். தண்ணீர் 150 மி.லி. முதலில் 3 கரண்டித் தண்ணீரில் மாவைக் குழைத்து, மீதியையும் ஊற்றிக் கரைத்து, அடுப்பில் வைக்கும் முன் வடிகட்டுங்கள். நீங்கள் வெந்த பிறகு வடிகட்டுவதால்தான் பாதி மாவு நின்றுவிடுகிறது. பிறகு சிறு தீயில் விடாமல் கிண்டி 8 நிமிடம். அடிப்பக்க மூலைகளைக் கரண்டி தொட வேண்டும். வெளிறிய சாம்பல் நிறம் மாறிக் கரும்பழுப்பாகப் பளபளக்கும், பச்சை வாடை போகும். அதன் பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.

பதம் முக்கியம். கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஓடக் கூடாது, நின்று மெதுவாக வழுகி விழ வேண்டும். குழந்தையின் வயிறு சின்னது. தண்ணீராகக் கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பில் ஒன்றும் சேராது. முளைகட்டாத மாவு இதே 150 மி.லி. தண்ணீரில் 2 கரண்டியிலேயே களியாகிவிடும். முளைகட்டியதில் 3 கரண்டி பிடிக்கிறது. ஒரே கிண்ணத்தில் கூடுதல் மாவு போகிறது என்பதற்காகத்தான் இத்தனை பாடுபட்டு முளைகட்டுகிறோம். ஆறும்போது இன்னும் இறுகும், எனவே ஒரு சுற்று இளக்கமாக இறக்குங்கள். இறக்கியபின் அரை டீஸ்பூன் நெய் அல்லது தேங்காய் எண்ணெய்.

காய்ச்சியது கிட்டத்தட்ட அரைக் கிண்ணம் வரும். 7 மாதத்துக்கு ஒரு வேளைக்கு அதுவே தாராளம். முழுதும் காலியாக வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். பால்புட்டியில் ஊற்றிக் கொடுக்க வேண்டாம், கிண்ணமும் கரண்டியும்தான். ஒரு வயது வரை உப்பு வேண்டாம். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவும் வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகளை ஒரு வயதுக்குட்பட்ட குடல் தாங்காது. நாக்கில் தடவும் வழக்கத்தையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி நிறுத்துங்கள்.

நெல்லை மருதாணி

மலச்சிக்கலுக்குச் சொல்றேன். 7 மாசக் குடலுக்கு ராகித் தோல் கொஞ்சம் கனம். முளைகட்டினதைக் காய வைக்காம அப்படியே தண்ணி விட்டு அரைச்சு, துணியில பிழிஞ்சு பால் எடுங்க. 3 மணி நேரம் ஃபிரிட்ஜுல வெச்சா பால் அடியில தங்கும், மேல் தண்ணியை வடிச்சிட்டு அந்த வண்டலைக் காய்ச்சினா களி வழுவழுன்னு வரும், கட்டியே விழாது. எங்க பக்கம் முதல் ராகி இப்படித்தான் கொடுப்பாங்க.

பவானிக்கரை

பால் எடுப்பது தொடக்கத்துக்கு நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அதையே மாதக்கணக்கில் தொடர வேண்டாம். ராகியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் இருக்கிறது, அதில் பெரும்பங்கு தோலோடு ஒட்டியது. பிழிந்த சக்கையோடு அது போய்விடும். இரண்டு மூன்று வாரம் பால், பிறகு மெல்லிய துணியில் சலித்த மாவு, 9, 10 மாதத்தில் சாதாரணச் சல்லடை மாவு என்று ஏற்றிக்கொண்டு போவது சரி.

தோலை விட, தண்ணீர் போதாததும் ஒரே தானியம் திரும்பத் திரும்பப் போவதும்தான் பெரும்பாலும் காரணம். ராகி ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். கஞ்சிக்குப் பின் காய்ச்சி ஆறிய தண்ணீர் நாலைந்து வாய். மாலையில் நன்றாகக் கனிந்த பப்பாளி மசித்து 2 கரண்டி, அல்லது 5 உலர் திராட்சையை இரவே ஊறவைத்து நசுக்கி வடித்த சாறு. செங்காய் வாழைப்பழம் கட்டும், தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பாருங்கள். மலத்தில் ரத்தம், வயிறு உப்பல், வாந்தி, பால் குடிக்க மறுப்பது இதில் எது வந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தொட்டில்சேலை

ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு கேள்வி. முளையைச் சுத்தி வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்துச்சு, அது பூஞ்சையா? அடுத்தது, அத்தை பாதாம், முந்திரி, கம்பு, சோளம், உளுந்து, கொள்ளுன்னு 18 சாமான் போட்டுச் சத்துமாவு அரைச்சிடலாம்னு சொல்றாங்க. இப்பவே கொடுக்கலாமா?

கொங்கு அடுப்படி

ராகி வேருல நுண்ணிய வெள்ளைத் தூவி வரும், அது வேர்முடி. எல்லா மணியிலயும் ஒரே மாதிரி, வேரைச் சுத்தி மட்டும் இருக்கும். தண்ணி தெளிச்சா படிஞ்சு காணாம போயிடும். பூஞ்சைன்னா அங்கங்க திட்டு திட்டா, மணி மேலயே ஒட்டடை மாதிரி படரும். சாம்பலோ பச்சையோ கருப்போ நிறம் தட்டும், பூசண வாடை அடிக்கும். சந்தேகமா இருந்தா மொத்தத்தையும் போட்டுடுங்க, பூசணம் பிடிச்ச மணியைப் பொறுக்கி எடுத்தா மீதி நல்லதாயிடாது.

மல்லிகைப்பந்தல்

சத்துமாவு நல்ல உணவு, ஆனா 7 மாதத்துல 18 சாமான் வேண்டாம். ஒவ்வாமை வந்தா எதனால வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியாதுங்கிறதுதான் காரணம். புதுசா எதைக் கொடுத்தாலும் காலை வேளையில ஒரு டீஸ்பூன்ல ஆரம்பிச்சு 3 நாள் அது மட்டும். உதட்டு வீக்கம், தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு பாருங்க. அத்தைகிட்ட “ஒவ்வொண்ணா பழக்கிட்டு, எல்லாம் ஒத்துக்கிட்டதும் நீங்களே சேர்த்து அரைச்சுக் கொடுங்க அத்தை”ன்னு சொல்லுங்க. அவங்க கைப்பக்குவம் 10 மாதத்துல தேவைப்படும்.

9 மாதம் வாக்குல எளிய கலவை: முளைகட்டிய ராகி 250 கிராம், புழுங்கலரிசி 100, பாசிப்பருப்பு 100, பொட்டுக்கடலை 50. தானியத்தோட பருப்பு சேர்ந்தாதான் புரதம் நிறைவா இருக்கும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா வறுக்கணும். அரிசி பொரிய எடுக்கிற நேரத்துல பருப்பு கருகிடும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது, சூடு ஏறினாலே போதும்.

பாதாம், முந்திரி, வேர்க்கடலையை இந்த மாவுல சேர்த்து அரைக்காதீங்க. அதுல உள்ள எண்ணெய் சிக்கடிச்சு மொத்த மாவும் கெட்டுடும். கம்பு மாவும் அப்படித்தான், சீக்கிரம் கசக்கும். இந்தக் கொட்டைப் பருப்புகளைப் பழக்கணும்தான், அதுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம். வாரத்துக்கு ஆகிற அளவு தனியா நைஸா பொடிச்சு ஃபிரிட்ஜுல வெச்சு, கஞ்சி இறக்கும்போது கால் டீஸ்பூன். குழந்தைக்கு கரப்பான் (அரிக்கிற தோல் படை) கடுமையா இருந்தா வேர்க்கடலைக்கு முன்னாடி மருத்துவரைக் கேளுங்க. கொட்டைப் பருப்பு எதுவும் முழுசாவோ உடைச்ச துண்டாவோ 5 வயசு வரைக்கும் கூடாது, மூச்சுக்குழாய்ல சிக்கும்.

கேட்காத ஒண்ணையும் சொல்லிடறேன், இது ரொம்ப முக்கியம். ராகி கொடுத்தா இரும்புச்சத்து வந்துடும்னு இருந்துடாதீங்க. அதுல இயற்கையா இருக்கிற ஃபைட்டேட், டானின்ங்கிற பொருள்கள் இரும்பை உடம்புல சரியா சேர விடாது. முளைகட்டினா குறையும், முழுசா போகாது. 6 மாதத்துக்கு அப்புறம் தாய்ப்பால்ல வர்ற இரும்பு போதாது. மதியச் சாதத்துல முருங்கைக்கீரை மசிச்சு, இறக்கினதும் எலுமிச்சை சில சொட்டு. அசைவம் உண்டுன்னா நல்லா வெந்த முட்டை, மசிச்ச கோழி, மீன். ஈரல் வாரம் ஒரு தடவை ரெண்டு டீஸ்பூனோட நிறுத்திக்குங்க, வைட்டமின் ஏ அதுல ரொம்ப அதிகம். இரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்துல 6 மாதத்திலிருந்து 5 வயசு வரைக்கும் வாரம் 2 தடவை 1 மி.லி. இரும்பு சிரப் உண்டு. அந்த 1 மி.லி.யில 20 மி.கி. இரும்பு. கிராம சுகாதார செவிலியர்கிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கேளுங்க. குடிச்சா மலம் கருப்பா போகும், பயப்பட வேண்டாம்.

தொட்டில்சேலை

எல்லாம் குறிச்சுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு, காலையிலேயே ரெண்டு வேளைக்குக் காய்ச்சி ஃபிளாஸ்க்ல வைக்கலாமா? அவ தவழ ஆரம்பிச்சதால அடுப்புகிட்ட 10 நிமிஷம் நிக்கிறது கஷ்டமா இருக்கு.

பவானிக்கரை

ஃபிளாஸ்க் வேண்டாம். உள்ளே கஞ்சி வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் நிற்கும், கொதியிலும் சாகாத சில கிருமி வித்துகள் முளைத்துப் பெருக அந்தச் சூடுதான் ஏற்றது. காய்ச்சிய கஞ்சி வெளியில் அதிகம் போனால் 2 மணி நேரம். குழந்தை வாய் வைத்த கரண்டி பட்டதை அந்த வேளையோடு கொட்டிவிட வேண்டும்.

ராகி ஒரு வேளை போதும் என்றேன், அந்த ஒரு வேளை அளவையே இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதானால், காய்ச்சியதும் ஊட்டுவதற்கு முன்பே பாதியைச் சுத்தமான எவர்சில்வர் டப்பாவில் எடுத்து, பச்சைத் தண்ணீரில் அந்த டப்பாவை நிறுத்தி 15 நிமிடத்தில் ஆற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மாலையில் 2 கரண்டி வெந்நீர் விட்டு உடைத்து, தளதளவென்று ஒரு கொதி விட்டு, ஆறவைத்துக் கொடுக்கலாம். அன்றைக்குள் முடித்துவிடுங்கள், ஒரு முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம்.

மாவையும் 24 கிராம் வீதம் சின்ன டப்பாக்களில் ஒரு வாரத்துக்கு அளந்து வைத்துக்கொண்டால் காலையில் கரைத்து அடுப்பில் ஏற்றுவது ஒன்றுதான் வேலை. அந்த 8 நிமிடம் பாப்பா தூங்கும் நேரமாகவோ, வேறு யாராவது தூக்கி வைத்திருக்கும் நேரமாகவோ இருக்கட்டும். கைப்பிடியை உள்பக்கம் திருப்பி, பின் அடுப்பில் வையுங்கள். மீதி மாவு காற்றுப் புகாத பாட்டிலில், ஈரமில்லாத கரண்டியோடு, ஃபிரிட்ஜில் ஒரு மாதம் நிற்கும். பயணத்துக்கு மாவும் வெந்நீரும் எடுத்துப் போய்க் கலக்காதீர்கள், ராகி அதில் வேகாது. அன்றைக்குக் கனிந்த வாழைப்பழமும் ஒரு கரண்டியும் போதும்.