மறு: ‘டை’க்கு வெறும் ‘அச்சு’ போதுமா? (ரயில்வே கொல்லுப்பட்டறைச் சொற்கள்)

நண்பர்களே,

> டை என்றால் அச்சு. அகராதியிலேயே இருக்கிறது. புதிதாக எதற்கு?

டை (die) என்பது காய்ச்சிய இரும்பை வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவரும் கருவி. பொதுப்பேச்சில் அதற்கு அச்சு போதும்தான். ஆனால் தமிழாக்கத்துக்காக நம் கையில் இருப்பது ரயில் பெட்டிக்கான இரும்புப் பாகங்களை இயந்திரத்தில் வைத்து உருவாக்குவதைச் சொல்லும் பகுதி. அங்கே இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் தண்டும் அச்சுதான். “அச்சை அச்சில் வைத்து அடிக்கவும்” என்று எழுதிவிட்டு வாசகரை எங்கே அனுப்புவது? தண்டுக்கு ‘இருசு’ என்ற வண்டிக்காரர் சொல்லை எடுக்கலாம் என்று இங்கே ஒருவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் அச்சாணி என்ற சொல் புழங்கும்வரை அச்சின் அந்தப் பழைய பொருளும் மனத்தில் நிற்கும். அதனால் டைக்கு எப்போதும் ஒரு முன்னொட்டு இருக்கட்டும்.

முன்னொட்டை எதை வைத்துத் தேர்வது? ‘கொக்கி அச்சு’, ‘போல்ட் அச்சு’ என்று பாகத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டே போனால் முடிவே இல்லை. காய்ச்சிய இரும்பை அச்சு என்ன செய்கிறது என்பதை வைத்துப் பெயரிடலாம் என்பது என் கட்சி.

ஒரு பாகத்தை எடுத்துப் பார்ப்போம். சரக்குப் பெட்டியின் பக்கவாட்டில் ஆட்கள் பிடித்து ஏறும் கைப்பிடிக் கம்பி. அமெரிக்காவில் 1893ஆம் ஆண்டு ரயில் பாதுகாப்புச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. 1911இல் வந்த ஆணை குறைந்தபட்ச விட்டம் 5/8 அங்குலம் (நம் பழைய கணக்கில் அரையே அரைக்கால்) என்று அளவையும் வகுத்தது. ஒரே மாதிரி கம்பி கணக்கில்லாமல் வேண்டும் என்றானபின் கைச்சம்மட்டியை நம்பி இருக்க முடியுமா?

கம்பியின் நுனியைக் காய்ச்சி இயந்திரத்தில் நீட்டினால், இரண்டு அச்சுத் துண்டுகள் இருபுறமும் வந்து கவ்வுகின்றன. ஒன்று அசையாதது, மற்றது நகர்வது. பிடி விழுந்ததும் எதிரிலிருந்து ஒரு தண்டு நுனியை இடிக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு குறுகித் தடிக்கிறது. கவ்வுபவை பிடியச்சு, நுனி தடிப்பது (ஆங்கிலத்தில் ‘அப்செட்டிங்’) முனைதிரட்டல். ‘குட்டையாக்கல்’ என்று வந்த பரிந்துரை பாதி உண்மையைத்தான் சொல்கிறது. நீளம் குறைவதைவிட ஓரிடத்தில் இரும்பு திரள்வதுதான் நோக்கம். ஆதாரமில்லாமல் நீட்டும் நீளம் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போனால், ஒரே இடியில் திரளாமல் கம்பி மடங்கிவிடும். மேலே சொன்ன கம்பிக்கு அது இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

அடுத்து வளைப்பு. இதற்கான கிடைமட்ட இயந்திரத்துக்கு அந்தப் பட்டறைகளில் பெயர் புல்டோசர். மண் தள்ளும் வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது பிறகுதான். அப்படியே ‘புல்டோசர்’ என்று எழுதினால் பட்டறைக்குள் இந்த வண்டி எப்படி வந்தது என்று படிப்பவர் திகைப்பார்! வளைப்பழுத்தி என்கிறேன். அதன் அச்சு அழுத்தச்சு. இது இரும்பை அடிப்பதில்லை, மெதுவாகத் தள்ளுகிறது. அதனால்தான் வார்ப்பிரும்பில் செய்த அச்சே இதற்குத் தாங்கும்; சம்மட்டி இயந்திரத்தில் வைத்தால் அது விரிசல் விடும்.

அந்தச் சம்மட்டி இயந்திரத்தில் இருப்பது அடியச்சு. மேல்பாதி, கீழ்பாதி, நடுவே குழிவு. ‘அடி’ என்றால் கீழ்ப்பகுதி என்றும் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அந்தக் குழப்பம் பெரிதாகத் தோன்றினால் ‘அடிப்பச்சு’ என்று வைக்கலாம், கொஞ்சம் நாக்கு தடுக்கும், அவ்வளவுதான்.

இந்த அச்சின் குழிவுக்குத் தேவையானதைவிடச் சற்று அதிக இரும்பைத்தான் வைப்பார்கள். மிஞ்சியது இரண்டு பாதிகளுக்கும் இடையே மெல்லிய தகடாக வெளியேறும். ஆங்கிலத்தில் ‘ஃபிளாஷ்’ எனப்படும் இதற்குக் ‘கசிவு’ என்று முன்வைத்ததை நான் ஏற்கவில்லை. கசிவது திரவம். இங்கே இரும்பு உருகவே இல்லை, இளகியிருக்கிறது. பிதுக்கம் என்று சொல்லுங்கள், பார்த்தவுடன் புரியும். அது வீணும் இல்லை. தகடு மெல்லியது என்பதால் சீக்கிரம் ஆறி இறுகி, உள்ளே இருக்கும் இரும்பு மேலும் வெளியே வராமல் தடுக்கிறது. இரும்பு குழிவின் மூலைகளுக்குப் போவது அதனால்தான். பிறகு பிதுக்கத்தை நறுக்கி எடுப்பதற்குத் தனி அச்சு உண்டு: நறுக்கச்சு.

பாகம் ஒட்டிக்கொள்ளாமல் வெளிவரக் குழிவின் சுவர்களைச் சில பாகை சாய்ப்பார்கள். இதற்குச் ‘சாய்வு’ போதும், அலங்காரம் வேண்டாம்.

இப்படி இரும்பைக் காய்ச்சி, அடித்தோ அழுத்தியோ உருவாக்கும் ‘ஃபோர்ஜிங்’குக்கு ‘வடித்தல்’ வேண்டும் என்ற கருத்துக்கும் என் வாக்கு உண்டு. கொல்லன் வேல் வடிப்பது சங்கப் பாட்டுக் காலத்து வழக்கு. வார்ப்போடு குழம்பும் என்று பயந்தால் முதல் முறை மட்டும் ‘காய்ச்சி வடித்தல்’ என்று எழுதிவிடலாம்.

இன்னும் ஒன்றுக்குச் சொல் அமையவில்லை: பிடியச்சுக்கு எதிரே வந்து முனையை இடிக்கும் அந்தத் தண்டு. ‘இடிதண்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். பட்டறையில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால், அங்கே வாயில் புழங்கும் பெயரைச் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.