மறு: விதைநிதியா, நாற்றங்கால் நல்கையா?

வணக்கம். 'சீட் கிராண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் குழுவில் நடக்கும் மடல் பேச்சின் தொடர்ச்சி இது. போன மடலில் ஐயா எழுதிய வரிகளை மேற்கோளாகக் காட்டி, ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுதுகிறேன்.

> விதைநிதி என்றே வைத்துக்கொள்ளலாமே. படித்தவுடன் புரிகிறது. இதற்கு ஏன் இத்தனை மடல்?

புரியும் ஐயா, வேறொன்றாகப் புரியும். புத்தொழில்காரர்களிடம் விதைநிதி என்றால் பணம் போட்டவருக்கு நிறுவனத்தில் பங்கு உண்டு. நான் மொழிபெயர்ப்பது, அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். வழங்கும் ஆய்வுப் பணம் பற்றிய கட்டுரை. அங்கே கொடுத்தவர் பங்கு கேட்பதில்லை, பணம் திரும்பி வருவதுமில்லை. ஆகவே இரண்டாம் பாதிக்கு 'நல்கை' போதும்; பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான்.

சிக்கல் முதல் பாதியில். என்.ஐ.எச்.சின் பெரிய நல்கையான ஆர்01 பெரும்பாலும் நான்கைந்து ஆண்டு ஓடும். விண்ணப்பித்தால், மதிப்பீட்டுக் குழுவினர் முன்னோட்டத் தரவு எங்கே என்பார்கள். தரவு சேர்க்கப் பணம் வேண்டும். பணம் வாங்கத் தரவு வேண்டும். 'சீட் கிராண்ட்' எனும் சின்ன நல்கை அவிழ்ப்பது இந்த முடிச்சைத்தான். வினாப்பட்டியலை முப்பது பேரிடம் கொடுத்துப் பார்க்கலாம். ஆய்வு நடக்கும் தெருக்காரர்கள் வெளியாளிடம் வாய் திறக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

இது எனக்கு விதையைவிட நாற்றங்காலைத்தான் நினைவூட்டுகிறது. எங்கள் ஊரில் ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட்டில் நாற்று விடுவோம். அங்கேயே அறுவடை கிடையாது. இருபத்தைந்து நாள் போனால் பறித்து, முடி கட்டி, பெரிய வயலுக்குக் கொண்டுபோக வேண்டும். நாற்று சோடை போனாலும் நட்டம் எட்டு சென்ட்டோடு நிற்கும். அதனால் என் முன்மொழிவு 'நாற்றங்கால் நல்கை'. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

> உடல்நல வேறுபாடு என்பது நடுநிலையான சொல்.

கட்டுரையில் வரும் 'ஹெல்த் டிஸ்பாரிட்டி'க்குத்தானே சொல்கிறீர்கள்? அந்த நடுநிலைதான் எனக்கு உதைக்கிறது. இருபது வயதுக்காரரைவிட எழுபது வயதுக்காரருக்கு இரத்த அழுத்தம் கூடுதல் என்றால் அது வேறுபாடு. அமெரிக்காவில் ஒரு வயது நிரம்புமுன் இறக்கும் குழந்தைகளின் வீதம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் இருமடங்குக்கும் மேல். இதற்கும் அதே சொல்லா? பிரிட்டனின் பொதுநல ஆய்வாளர் மார்கரெட் வைட்ஹெட் 1990களின் தொடக்கத்தில் மூன்று அடையாளம் சொன்னார்: தேவையற்றது, தவிர்க்கக்கூடியது, நியாயமற்றது. அவர் சொன்னது 'இன்ஈக்விட்டி'க்கு. அதற்கு 'அநீதி'யை ஒதுக்கி வைப்போம். 'டிஸ்பாரிட்டி'க்கு 'ஏற்றத்தாழ்வு' பொருந்தும். சாதி ஏற்றத்தாழ்வு, கூலி ஏற்றத்தாழ்வு என்று சொல்லும்போதே குறை சொல்கிற தொனி வந்துவிடுகிறதல்லவா?

'ஹெல்த்'துக்கு முன்னொட்டாகச் 'சுகாதாரம்' வேண்டாம். எங்கள் ஊராட்சிக் குப்பை வண்டியில் அதுதான் எழுதியிருக்கிறது. 'நலவாழ்வு' என்று வைத்தால், 2000இல் மையமாகத் தொடங்கி 2010இல் நிறுவனமாக உயர்ந்த அந்த என்.ஐ.எச். பிரிவு, 'சிறுபான்மையோர் நலவாழ்வு, நலவாழ்வு ஏற்றத்தாழ்வுகளுக்கான தேசிய நிறுவனம்' ஆகும். ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை. ஆங்கிலத்திலும் வராது.

> 'இளம் ஆய்வாளர்' போதுமே?

போதாது. என்.ஐ.எச். 'எர்லி ஸ்டேஜ் இன்வெஸ்டிகேட்டர்' என்று சொல்லும்போது வயதைப் பார்ப்பதில்லை. முனைவர் பட்டமோ மருத்துவப் பயிற்சியோ முடித்துப் பத்தாண்டுக்குள் இருக்க வேண்டும், பெரிய நல்கை எதுவும் தனியாகப் பெற்றிருக்கக் கூடாது. நாற்பத்தைந்தில் பட்டம் வாங்கியவரும் இதில் வருவார். 'தொடக்கநிலை ஆய்வாளர்' தொடக்கப்பள்ளியை நினைவூட்டும். 'தொடக்கக்கால ஆய்வாளர்' என்றாலோ கால்டுவெல் காலத்து ஆள் போலிருக்கிறது. 'பணித்தொடக்க ஆய்வாளர்' எப்படி? நம் குழு அக்கா ஒருவர் போன மடலில் இதற்குக் கேட்ட ஒற்றைச் சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று இரவு என் அக்கா மகளிடம் இதைக் காட்டினேன். சென்னையில் செவிலியர் படிப்பு படிக்கிறாள். "நாற்றங்கால்னா நர்சரிதானே மாமா? எல்.கே.ஜி. பிள்ளைங்களுக்குக் குடுக்கற பணமா?" என்றாள். நகரத்துப் பிள்ளைகளுக்கு எட்டாது என்று குழுவும் நினைத்தால், 'விதைநல்கை'க்கு இறங்கி வருகிறேன். 'விதைநிதி'க்கு மாட்டேன்.