கலைச்சொல் விவாதம்: ‘ஆன்மீகப் பராமரிப்பு’க்குப் பதில் ‘பற்றுக்கோடு’

மதிப்புக்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

கடும் நோயாளரின் வேதனையைத் தணிக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான (palliative care) மும்மொழிப் படிவம் ஒன்றின் தமிழ்ப் பக்கத்தில் ‘ஸ்பிரிச்சுவல் கெயார்’ (spiritual care) என்ற தலைப்புக்கு நேரே என்ன எழுதுவது என்று இங்கே எழுப்பப்பட்ட கேள்விக்கு இதுவரை வந்த முன்மொழிவுகளை எல்லாம் படித்தேன். பெரும்பாலானோர் ‘ஆன்மீகப் பராமரிப்பு’ என்பதே போதும் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இறுதிக்காலப் பராமரிப்பில் பயன்படும் ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருத்தம் மட்டும் போதாது. தாதிய உத்தியோகத்தர் ஒருவர் கட்டிலருகே நின்று அதை ஒரு கேள்வியாக மாற்றிக் கேட்க முடிய வேண்டும், நோயாளியும் அதற்குத் தன் வாயால் பதில் சொல்ல முடிய வேண்டும். அந்தச் சோதனையில் ‘ஆன்மீகம்’ தேறவில்லை.

இந்தத் தலைப்பு படிவத்தில் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டது அன்று. 1967இல் இலண்டனில் இறுதிக்கால நோயாளருக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்த வைத்தியர் சிசிலி சாண்டர்ஸ், சாகும் நிலையில் இருப்பவரின் வலியை உடல், உள்ளம், சமூக உறவு, இவற்றுக்கும் அப்பால் ‘ஏன் எனக்கு இது?’ என்று கேட்கும் இடம் ஆகிய நான்கும் சேர்ந்த ஒரே வலியாகப் பார்த்தார். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு நோய்த்தணிப்புப் பராமரிப்பு வரைவிலக்கணமும் அந்த நான்காவதை விடவில்லை. 2014இல் உலக சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய தீர்மானமோ, நோய் குணமாகக் கூடியதாயினும் இல்லாவிட்டாலும் இந்த வேதனையையும் தணிப்பது மருத்துவப் பணியாளரின் அறக்கடமை என்றே சொல்கிறது. கடமை என்று ஆனபின், அதைக் கேட்டறியும் சொல் தமிழில் இயங்க வேண்டாமா?

நம் செய்தித்தாள்களில் ‘ஆன்மீகம்’ என்பது ராசிபலனும் கோயில் கொடியேற்றமும் வரும் பக்கத்தின் பெயர். கொழும்பில் ஒரு வைத்தியசாலை விடுதியில் “உங்கள் ஆன்மீகத் தேவை என்ன?” என்று கேட்டால், “நாங்கள் சைவம்” என்றோ “நாங்கள் வேதம்” (கிறிஸ்தவர்) என்றோ பதில் வரும், படிவத்தில் ஒரு பெட்டியில் சரி அடையாளம் விழும், அத்தோடு விடயம் முடிந்துவிடும். அதைவிட மோசமான இரண்டு விளைவுகளும் உண்டு. ஒன்று, கடைசி நேரம் நெருங்கிவிட்டதை மறைமுகமாகச் சொல்கிறார்கள் என்று குடும்பத்தார் கலங்குவது. மற்றது, வேறு மதத்தார் யாரோ வந்து மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற ஐயம். எழுந்து போகவும் இயலாமல் படுத்திருக்கும் ஒருவரிடம் இந்த ஐயத்தை எழுப்புவதே அறமாகாது. (‘ஆன்மீகமா, ஆன்மிகமா’ என்ற பழைய சண்டையை நான் இங்கே தொடக்க விரும்பவில்லை.)

பௌத்தம் ஆன்மாவை ஏற்பதில்லை, ஆகையால் இச்சொல் பொருந்தாது என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருந்தாலும் அவ்வாதத்தில் வலு இல்லை. சிங்களத்தில் ‘ஆத்யாத்மிக’ என்ற சொல்லைப் பௌத்தர்கள் தடையின்றிப் பயன்படுத்துகிறார்கள். பாளியில் அதன் இணைச்சொல்லுக்கு ‘உள்ளார்ந்தது’ என்றுதான் பொருள். மேலும் தமிழ்ப் பக்கத்தைப் படிக்கப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சைவர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர், எந்த மதத்தையும் பின்பற்றாதோர்.

பெயர் எப்படிச் செயலைத் தடுக்கும் என்பதற்குக் கத்தோலிக்க அன்பர்களிடமே நல்ல சான்று இருக்கிறது. ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று முன்பு வழங்கிய, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் திருவருட்சாதனம் இன்று ‘நோயில் பூசுதல்’ ஆகியிருக்கிறது. கடைசிப் பூசுதல் என்ற பெயரைவிட நோயாளர் பூசுதல் என்பதே தகும் என்றும், உயிர் போகும் தறுவாய் வரை காத்திருக்கத் தேவையில்லை என்றும் 1963இல் கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. பழைய பெயர் இருந்தவரை எண்ணெய்ச் சிமிழோடு சுவாமி (கத்தோலிக்க குரு) வாசலில் நின்றாலே வீட்டில் அழுகுரல் எழும் என்பதை என் தலைமுறையினர் அறிவார்கள். நோயாளிக்கு நினைவு தப்பட்டும் என்று காத்திருந்து அழைத்தவர்களும் உண்டு. அதற்குள் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல்) செய்யும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற் போய்விடும்.

இனி, இந்தத் தலைப்பின் கீழ் உண்மையில் என்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். சைவக் குடும்பம் ஒன்று, உயிர் பிரியும் வேளையில் பால் பருக்க வேண்டும் என்று காத்திருக்கிறது. அந்த நிலையில் நோயாளிக்கு விழுங்கும் ஆற்றல் பெரும்பாலும் இருக்காது. கரண்டியால் ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்த் திணறல் வரும். ஆகவே தாதி தடுக்கிறார். அவர் தடுத்தது சரி. ஆனால் கடைசிப் பால் கொடுக்கவிடாமல் செய்துவிட்டார்களே என்ற மனக்குறை அந்தப் பிள்ளைகளுக்கு எட்டுச் செலவு, அந்தியேட்டி என்ற ஈமச் சடங்குகள் எல்லாம் கடந்தும் ஆறாது. இதையே நான்கு நாள் முன்னதாகக் கேட்டறிந்திருந்தால், தலையணையைச் சற்று உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, பாலில் தோய்த்துப் பிழிந்த பஞ்சால் உதட்டை ஈரமாக்கும்படி சொல்லியிருக்கலாம். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தொட்டு வைத்திருப்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் குறைந்திராது.

கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்ஃபின் மருந்தின் விடயமும் இப்படித்தான். முஸ்லிம் முதியவர் ஒருவர் மருந்தை மறுக்கும்போது, அவர் வலியைப் பாவத்துக்குப் பரிகாரமாக நினைக்கிறாரா, அல்லது மயக்கத்தில் நாவு குழறிக் கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி) சொல்ல முடியாமற் போய்விடும் என்று அஞ்சுகிறாரா என்பது கேட்டால்தான் தெரியும். பின்னதாயின், அளவையும் நேரத்தையும் மாற்றி, தொழுகை வேளைகளில் தெளிவாக இருக்குமாறு செய்ய வைத்தியர் முயலலாம். மோர்ஃபின் ஏற்றுவது உயிரைக் குறைப்பதாகுமோ என்று தயங்கும் கத்தோலிக்கருக்கு, வலியைத் தணிப்பதே நோக்கமாக இருந்து வேறு வழியும் இல்லாதபோது அது தகும் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957இலேயே மயக்க மருந்து வைத்தியர்களிடம் சொன்னதை எடுத்துக்காட்டலாம். இவை எதுவும் ‘சமயம்: சைவம் / இஸ்லாம் / கிறிஸ்தவம்’ என்ற பெட்டிக்குள் அகப்படுவதில்லை. அதனால்தான் ‘சமயப் பராமரிப்பு’ என்ற முன்மொழிவையும் நான் ஏற்கவில்லை.

‘அகத்துணை’ என்றார் ஒருவர். அழகாக இருக்கிறது, ஆனால் ஓர் எழுத்துப் பிசகினால் ‘அகத்திணை’ ஆகிவிடும், நம் அச்சகங்களை நான் அறிவேன். யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் தந்த ‘நற்றுணை’ காதுக்கு இனியது. எனினும் அதைக் கேட்டவுடன் சைவருக்கு ‘நமச்சிவாயவே’ என்று அப்பர் பாடிய அடி தானாக நாவில் வந்துவிடும், மற்றவருக்கு வராது. அதுவே அதன் குறை. ‘உளவளத்துணை’ (counselling) நம் நாட்டில் ஏற்கெனவே வேறொரு சேவைக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

என் முன்மொழிவு ‘பற்றுக்கோடு’. தளர்ந்தபோது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோமோ அது. ஒருவருக்கு அது திருநீறாக இருக்கலாம், ஒருவருக்குச் செபமாலையாக, மதம் எதையும் நம்பாத ஒருவருக்குத் தான் கட்டிக்காத்த தொழிற்சங்கமாகவோ கனடாவில் இருக்கும் மகளின் குரலாகவோ இருக்கலாம். “இந்த நேரத்தில் உங்களுக்குப் பற்றுக்கோடாக இருப்பது எது?” என்று எவரிடமும் கேட்கலாம், கேட்பவர் எதையும் கொண்டுவந்து திணிப்பதாகவும் தோன்றாது.

தடை ஒன்று எழும்: சாகும் வேளையில் பற்றை விட வேண்டும் என்றல்லவா சைவமும் பௌத்தமும் போதிக்கின்றன? இதற்கு விடை குறளிலேயே இருக்கிறது. பற்றற்றவனின் பற்றைப் பற்றிக்கொள்ளச் சொன்ன வள்ளுவர், அதைப் பற்றுவது எதற்கு என்பதற்கும் ‘பற்று விடற்கு’ என்று அதே குறளில் காரணம் சொல்லிவிட்டார். ஆனால் ‘பற்று’ என்று சுருக்க வேண்டாம் என்பேன். ‘பற்றுத்துணை’ என்று எழுதிப் பார்த்தேன். பற்றும் வரவும், பற்றுச்சீட்டும் நினைவுக்கு வந்தன. வைத்தியசாலையில் பணம் கட்டும் கருமபீடத்தில் ஏற்கெனவே நொந்து நிற்பவர்களுக்கு அது வேண்டாம். ஆகவே ‘பற்றுக்கோட்டுப் பராமரிப்பு’ என்று முழுதாகவே இருக்கட்டும். நீளந்தான், ‘நோய்த்தணிப்புப் பராமரிப்பு’ மட்டும் என்ன குட்டையா?

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து

மறுமொழி (தெமட்டகொடையிலிருந்து, தாதிய உத்தியோகத்தர்):

ஐயா, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சொல் எங்களுக்கும் அந்நியமானதன்று. இறைவனை நம்பியவர் அறுந்து போகாத உறுதியான பிடியைப் பற்றிக்கொண்டவர் என்று திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. ஆனால் உங்கள் சோதனையையே உங்கள் சொல்லுக்கும் வைத்துப் பார்த்தேன். ‘பற்றுக்கோடு’ என்று என் விடுதியில் கேட்டால் படித்தவர் சிலருக்கு விளங்கும்; மற்றவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் பேச்சில் “மனசுக்கு எதைப் பிடிமானமா வச்சி ஈக்கிறீங்க?” என்றால் எவருக்கும் விளங்கும். ‘பிடிமானம்’ என்பதையே கலைச்சொல்லாக வைத்தால் என்ன? இன்னொன்று: இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் சூழ நிற்கும்போது கேட்கக் கூடாது. புற்றுநோய் என்பதையே தாயிடம் மறைத்து வைத்திருக்கும் வீடுகள் பல. அவர்கள் நமக்கு முன்னே பதில் சொல்லிவிடுவார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து மீண்டும்:

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. தலைப்பு ‘பற்றுக்கோடு’ என்றும், கேட்கும் வாக்கியம் ‘பிடிமானம்’ என்றும் இரண்டையும் வைத்துக்கொள்வோம். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்பது தமிழுக்குப் புதிதன்று. ‘பிடிமானம்’ மட்டும் தலைப்பானால் குளியலறைக் கைப்பிடியோடு குழப்பிக்கொள்வார்கள் என்பது என் அச்சம். அமெரிக்க வைத்தியர் கிறிஸ்டினா புச்சல்ஸ்கி இதற்கென வகுத்த வினாநிரலும் நம்பிக்கை எது, அது எவ்வளவு முக்கியம், உடன் நிற்போர் யார், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு எளிய கேள்விகளாகவே இருக்கிறது.

கலைச்சொல் தொகுப்புக்கு என் பதிவுகள் இவை. பற்றுக்கோட்டுப் பராமரிப்பு: கடும் நோயுற்றவர் தமக்கு ஆதாரமாகக் கொள்ளும் நம்பிக்கை, வழிபாடு, உறவு, கடமை ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவர் விரும்பும் அளவுக்கு அவற்றுக்கு இடமளித்தல். பற்றுக்கோட்டு வினவல்: அதை அறிவதற்காக நோயாளியிடம், முடிந்தவரை தனியாக, நிகழ்த்தும் உரையாடல். பற்றுக்கோட்டுத் தளர்வு: அந்த ஆதாரம் கைவிட்டதாக உணர்வதால் வரும் வேதனை. மதகுருமாருக்குப் புதுப்பெயர் வேண்டாம். குருக்கள், மௌலவி, சுவாமி, போதகர், பிக்கு என்றே எழுதலாம். ஆனால் அவர்களை அழைப்பதற்கு நோயாளியின் ஒப்புதல் பெறப்பட்டதா என்ற வரி படிவத்தில் தனியாக வர வேண்டும்; அந்த வரியில் குடும்பத்தாரின் கையொப்பத்துக்கு இடம் விட வேண்டாம்.